வாசலில் நிற்கும் பிள்ளைகள்

அன்புள்ள அண்ணா,

வணக்கங்க. எங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் சார்பில் ஞாயிறு காலை பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். பக்கத்து லைன் வீடுகளில் இருக்கும் ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகள் வந்து வாசலோடு நின்றுவிடுகிறார்கள். "முதலில் தமிழ் படிக்கட்டும், அப்புறம் வரட்டும்" என்கிறார் வட்டத்தில் ஒருவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள அம்மணி,

உள்ளே கூப்பிடுங்கள். தமிழ் அவர்களுக்குத் தெருவிலும் பள்ளியிலும் தானாக வந்துவிடும்.

புரா பெல்ப்ரே என்று ஒரு நூலகர். போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர், தாய்மொழி ஸ்பானிஷ். சகோதரியின் கல்யாணத்துக்கு நியூயார்க் வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். முதலில் பார்த்தது ஆயத்த ஆடை வேலை. திருப்பூர்க்காரர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். ஹார்லெம் பகுதியில் ஸ்பானிஷ் பேசுவோர் பெருகியபோது, அங்கிருந்த கிளை நூலகத்தின் பொறுப்பாளர் எர்னஸ்டைன் ரோஸ் 1921இல் இவரை வேலைக்கு எடுத்தார். நியூயார்க் பொது நூலகத்தின் முதல் போர்ட்டோ ரிக்கோ நூலகர் இவர்தான்.

பாட்டியிடம் கேட்ட கதைகளை அலமாரியில் தேடினார், ஒன்றுகூட இல்லை. கதை நேரத்தில் அச்சான கதைகளைத்தான் சொல்வது அங்கே வழக்கம். இவர் அனுமதி வாங்கிக்கொண்டு, மார்ட்டினா என்ற கரப்பான்பூச்சி பெரெஸ் என்ற எலியைக் கட்டிக்கொள்ளும் கதையைச் சொன்னார். அடுப்பில் கொதிக்கும் பானையை எட்டிப் பார்க்கப்போய் மாப்பிள்ளை எலி உள்ளே விழுந்துவிடும். அது 1932இல் புத்தகமாகவும் வந்தது. பொம்மைகளை வைத்துக்கொண்டு ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் கதை சொன்னார். குழந்தை இயேசுவை மூன்று அரசர்கள் காண வந்ததைக் கொண்டாடும், ஜனவரி 6இல் வரும் மூவரசர் திருநாளை நூலகத்துக்குள்ளேயே கொண்டாடினார்.

உங்கள் நண்பருக்கு இன்னொன்று. 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தபோது கல்வி அமைச்சர், திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம். அந்தச் சட்டப்படிதான் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். லைன் வீட்டுக்கு வரும் வரி, அந்தக் குடும்பங்கள் தரும் வாடகையிலிருந்துதானே போகிறது? நூலகம் அவர்களுக்கும் சொந்தம்.

ஒடியாப் புத்தகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் அம்மா ஒருவரை உட்காரவைத்து, அவர் ஊர்க் கதையை அவர் மொழியிலேயே சொல்லச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த பெரிய பிள்ளை அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அப்புறம் நீங்கள் நம் கொங்கு நாட்டுப் பொன்னர் சங்கர் கதையான அண்ணன்மார் கதையை எடுங்கள், அதே பிள்ளை தன் தம்பி தங்கைகளுக்குச் சொல்லும்.

ஒன்று மட்டும், நேரத்தை மாற்றுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் ஞாயிறு காலையில் கடைவீதிக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் வைத்தால் தாய்மார்களும் வருவார்கள்.