மேகம் இறங்கினால் திரும்பிவிட வேண்டும்

கேள்வி: மலையில் சுற்றுலா ஹெலிகாப்டர் விழுந்தது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. மகன், மருமகள், பேரனோடு அப்படி ஒரு பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். போகலாமா? இன்ஜின் நின்றுபோவதால்தான் விழுகிறதா?

பதில்: போகலாம் அம்மா. ஆனால் எந்த நாளில் போகக் கூடாது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

22 வருடம் ஹெலிகாப்டர் ஓட்டியவன் நான். அதில் பாதி மலைச் சுற்றுலாவில். இன்ஜின் நின்றால்கூட, போதிய உயரமும் இறங்க இடமும் இருந்தால், மேல் விசிறி காற்றிலேயே சுழல, கீழே இறக்கப் பயிற்சி உண்டு. நான் பயந்ததெல்லாம் மேகத்துக்குத்தான். மலையில் அது பள்ளத்தாக்கிலிருந்து புகை மாதிரி எழும்பி வரும். முன் கண்ணாடியில் பச்சையாகத் தெரிந்த சரிவு சாம்பலாகும், அப்புறம் வெறும் வெள்ளை. அந்த நேரம் உடம்பு ஏமாற்றிவிடும். நேராகப் பறப்பது போலவே இருக்கும். கருவியைப் பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்திருப்போம்.

2019 டிசம்பர் 26 அன்று ஹவாயின் கவாய் தீவில் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் மலையில் மோதி 7 பேரும் இறந்தனர். மோசமான வானிலைக்குள் தொடர்ந்து பறக்க விமானி எடுத்த முடிவுதான் காரணம் என்றது விசாரணை. அன்று வேறு சில சுற்றுலா விமானிகள் வானத்தைப் பார்த்துப் பாதையை மாற்றிக்கொண்டு பத்திரமாகத் திரும்பியிருந்தார்கள். அதைப் படித்தபோது மனது கனத்துப்போனது.

ஒருமுறை பின்சீட்டிலிருந்த பெரியவர், "தம்பி, அந்த அருவியை மட்டும் காட்டிட்டுத் திரும்பிடலாமே" என்று ஹெட்செட்டில் கேட்டார். அருவி அடுத்த வளைவில்தான். முகட்டுக்கும் மேகத்துக்கும் நடுவே கையகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. நுழைந்துவிடலாம் போலத்தான் இருந்தது. திரும்பிவிட்டேன். இறங்கியதும் அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காசு கொடுத்து வந்தவர்கள் ஒன்றும் பார்க்காமல் போகிறார்களே என்று ராத்திரி வரை எனக்கு உறுத்தியது. விமானியை அந்த இடுக்குக்குள் தள்ளுவது இந்த உறுத்தல்தான். அதனால் ஏறும்போதே, "மேகம் வந்தால் திரும்பிவிடுங்கள், எங்களுக்கு வருத்தமில்லை" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை அவருக்குப் பெரிய பலம்.

கேள்வி: ஏறுவதற்கு முன் எடை பார்க்கிறார்களே, கூச்சமாக இருக்கிறது. குறைத்துச் சொன்னால் என்ன?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்துவிடும். வெயில் ஏறினால் இன்னும் மெலியும். விசிறிக்குப் பிடிமானம் குறையும், இன்ஜினின் சக்தியும் குறையும். கீழே சுலபமாகத் தூக்கிய அதே பாரத்தோடு மேலே அந்தரத்தில் நிற்க முடியாமல் போகலாம். ஐந்து பேர் ஆளுக்கு 6 கிலோ குறைத்துச் சொன்னால் 30 கிலோ. எங்கள் கணக்கில் அது வராது, மலையில் வந்துவிடும்.

கேள்வி: விழுந்த பிறகு உயிரோடு இருந்தவர்களும் தீயில் இறந்ததாகப் படித்தேன். அதைத் தடுக்க வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. அதனால்தான் ஆதங்கமே. 2018 பிப்ரவரி 10 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் தரையிறங்க வந்த சுற்றுலா ஹெலிகாப்டர் ஒன்று, பின்னாலிருந்து வீசிய காற்றிலும் காற்றுச் சுழலிலும், உடல் தானாகச் சுற்றாமல் பிடித்து வைக்கும் வால் விசிறியின் பிடி விட்டுப்போய் விழுந்து தீப்பிடித்தது. 7 பேரில் 5 பேர் இறந்தனர். மோதினாலும் சுலபத்தில் கிழியாத எரிபொருள் தொட்டி அதில் இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு தயாராகும் ஹெலிகாப்டர்களில் அந்த வசதி கட்டாயம் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. பழையவற்றில் பலவற்றுக்கு மாற்றிப் பொருத்தலாம்; செலவு பார்த்துத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். நீங்கள் ஏற்கெனவே பதிவு செய்திருந்தாலும் சரி, இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.