கூட்டத்தில் பேசாத பிள்ளைகள், பட்டுப்போன கன்றுகள்

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றத்தில் 14 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆலோசனைக் கூட்டம் போட்டால் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. நாங்கள் ஒரு திட்டம் சொன்னால் தலையாட்டுவார்கள். அன்றைக்கு வந்து, மன்றத்தின் பனியனைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள். அடுத்த வாரம் பாதிப் பேரைக் காணோம். ஆர்வத்தை எப்படி வரவழைப்பது?
– மன்றப் பொறுப்பாளர் ஒருவர்

பதில்: ஆர்வம் இல்லை என்பதை நான் நம்பவில்லை. முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று அவர்களுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

சிறுவர்களும் இளைஞர்களும் எந்த அளவுக்குப் பங்கெடுக்கிறார்கள் என்பதை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டியவர் ரோஜர் ஹார்ட். 1992-ல் யுனிசெஃப் அதை வெளியிட்டது. அடியில் இருக்கும் மூன்று படிகளை அவர் பங்கேற்பு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மூன்றில் ஒன்றின் பெயர் 'அலங்காரம்'. எதற்கென்று தெரியாமலே பனியன் மாட்டிக்கொண்டு நிகழ்ச்சிக்கு வந்து நிற்பதைத்தான் அவர் அதற்கு உதாரணமாகச் சொல்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தப் படிதான் ஞாபகம் வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். உச்சிப் படியிலும் பெரியவர்களுக்கு இடம் உண்டு: பிள்ளைகள் தொடங்குவார்கள், முடிவைச் சேர்ந்து எடுப்பார்கள்.

சரி, என்ன செய்யலாம்? கூட்டத்துக்கு முந்தைய வாரம் அவர்களை இரண்டிரண்டு பேராக வெளியே அனுப்புங்கள். சக்கர நாற்காலியில் போகிறவர், கைக்குழந்தையோடு பேருந்துக்கு நிற்பவர், தெருவைப் பெருக்குகிறவர் என்று மூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதி வரட்டும்: "தினமும் இந்த இடத்தில் உங்களுக்கு எது தொல்லை?" கேட்டு வந்தவருக்குக் கூட்டத்தில் சொல்ல ஏதாவது இருக்கும். பேசக் கூச்சப்படுகிறவர் அந்தச் சீட்டைப் படித்தாலே போதும்.

பாதுகாப்பு, கணக்கு இரண்டும் பெரியவர்கள் கையில் இருக்கும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குவது, எந்த வேலைக்கும் பெரியவர்கள் இரண்டு பேராவது உடன் இருப்பது – இதிலெல்லாம் பேரம் கிடையாது. மற்றதை விட்டுவிடுங்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த வேலை உங்களுக்குச் சப்பென்று தெரிந்தாலும் சரி.

எல்லோருக்கும் பேச வராது, எண்ண வரும். 1986-ல் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கிய தூய்மைப் பணியில், பொறுக்கிய குப்பையை மூட்டை கட்டியதோடு விடாமல் வகைவாரியாக எண்ணி அட்டையில் குறித்தார்கள். அது பல நாடுகளுக்கும் பரவியது. பல ஆண்டுகள் அந்தக் கணக்கில் முதலிடம் சிகரெட் துண்டுக்குத்தான். நீங்கள் ஒரு குளக்கரையையோ பூங்காவையோ சுத்தம் செய்தாலும் இப்படியே செய்யலாம். இரண்டு பேர் கையுறை போட்டுப் பொறுக்க, ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். ஊசி, உடைந்த கண்ணாடி கண்ணில் பட்டால் யாரும் கை வைக்கக் கூடாது, பெரியவரைக் கூப்பிட வேண்டும். கடைசியில் எந்தக் குப்பை அதிகம், அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பும் பாருங்கள், அடுத்த திட்டம் அதிலேயே இருக்கும்.

கேள்வி: போன ஆண்டு 100 மரக்கன்றுகள் நட்டோம். பிழைத்தவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். இந்த ஆண்டு 500 நடலாம் என்கிறார் தலைவர்.
– மன்றச் செயலாளர்

பதில்: ஐந்நூறுக்கும் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று தலைவரிடம் கேளுங்கள். "எல்லோரும்" என்று சொன்னால் ஒருவரும் இல்லை என்று அர்த்தம். கன்றுக்கு ஓர் எண், எதிரே ஒரு பெயர், ஒரு கிழமை. தேர்வு மாதத்தில் அந்தப் பெயருக்குப் பதில் யார் என்பதையும் எழுதுங்கள். இப்படி எழுதிப் பார்த்தால் எத்தனை கன்று உங்களால் முடியும் என்பது தானே தெரிந்துவிடும். இருபது என்று வந்தால் இருபதே நடுங்கள்.

நடுவதிலும் கவனம் வேண்டும். அவசரத்தில் பிளாஸ்டிக் பையோடு குழிக்குள் இறக்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பையைக் கிழித்து எடுத்ததும் அடிப்பக்கம் பாருங்கள். நாள்பட்ட கன்றென்றால் வேர் வட்டமாகச் சுருண்டிருக்கும். அதை விரலால் மெல்லப் பிரித்துவிடாவிட்டால் மண்ணுக்குள் போயும் அதே வட்டத்தில்தான் சுற்றும். தண்டும் வேரும் சேரும் கழுத்து மண்மட்டத்தில் இருக்க வேண்டும், ஆழப் புதைத்தால் தண்டு அழுகும். மேலே காய்ந்த இலைகளைப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். ஈரம் நிற்கும்.

கேள்வி: மன்றத்தின் ஆண்டு விழாவன்று முதியோர் இல்லத்துக்குப் பரிசுகளோடு போக நினைக்கிறோம். எதை வாங்கலாம்?
– பெயர் வேண்டாம்

பதில்: வாங்குவது அப்புறம். யாருமே வராத கிழமை எது என்று இல்லத்தில் கேட்டு, அந்த நாளில் போங்கள். பேனர் வேண்டாம், கேட்காமல் போட்டோவும் வேண்டாம். ஒருவருக்குக் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கலாம், இன்னொருவருக்கு நாளிதழ் படித்துக் காட்டலாம். பரிசுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைப் போக்குவரத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டாம் தடவை போவது பெரும்பாலும் வண்டிச் செலவில்தான் நின்றுபோகிறது.