மழைக்கால நாய் நடைக்கு எந்தச் சப்பாத்து?

கேள்வி: லாபிஸ் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். காலையும் மாலையும் எங்கள் நாயைச் செம்பனைக்குள் போகும் மண்சாலையில் கூட்டிப்போகிறேன். நவம்பர் பிறந்துவிட்டால் சாலை முழுக்கச் சேறுதான். சிலிப்பர் வழுக்குகிறது, கேன்வஸ் சப்பாத்து காய்வதே இல்லை. மான்செஸ்டரில் படிக்கும் மகன், அங்கே குளிர்காலத்தில் நாய் வைத்திருப்பவர்கள் போடுவது என்று நியோபிரீன் உள்துணி வைத்த பூட்ஸ் ஒன்றைக் காட்டினான். 480 ரிங்கிட். அதை வாங்கவா, இல்லை கோர்-டெக்ஸ் சப்பாத்து வாங்கவா? - வாசகி, லாபிஸ்

பதில்: 480 ரிங்கிட்டைப் பத்திரமாக வையுங்கள் அம்மா. மகன் சொன்னது சரிதான், ஆனால் அவர் ஊருக்குச் சரி. மான்செஸ்டரில் டிசம்பர், ஜனவரிப் பகலில் 7 டிகிரி இருந்தாலே நல்ல நாள். அங்கே காலை நனையாமலும் வைக்க வேண்டும், விறைக்காமலும் வைக்க வேண்டும். நியோபிரீன் என்பது கடலில் முக்குளிப்பவர்கள் போடும் உடையின் துணி. உடம்புச் சூட்டை வெளியே விடாது. விலையில் பெரும்பங்கு அதற்குத்தான். லாபிஸில் விடாமழையிலும் இருபது டிகிரிக்கு மேல்தானே? உங்கள் கால் இட்லிப் பானைக்குள் வைத்த மாதிரி வேகும்.

கோர்-டெக்ஸ் கதை கொஞ்சம் வேறு. அது சப்பாத்தின் உள்ளே வைத்துத் தைத்த மெல்லிய சவ்வு; வெளித்தண்ணீரைத் தடுத்து, உள்ளே இருக்கும் வியர்வை ஆவியை மட்டும் வெளியேற்றும். உள்ளே சூடும் ஈரப்பதமும் கூடுதலாக, வெளியே குளிராக, உலர்வாக இருந்தால்தான் அந்த ஆவி வேகமாக வெளியேறும். மழைவிட்ட மாலையில் நம் தோட்டக் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. ஆவி எங்கே போகும்? இன்னொன்று, இவை பெரும்பாலும் கணுக்கால் உயரம். லோரி பதித்த பள்ளத்தில் கால் வைத்தால் தண்ணீர் மேல்வழியாக உள்ளே இறங்கிவிடும். அதன்பிறகு தண்ணீரை உள்ளே பிடித்து வைப்பதும் அதே சவ்வுதான். காய இரண்டு நாளாவது பிடிக்கும்.

என் கருத்தில் நம் மண்ணுக்கு இரண்டே வழி. தண்ணீரை அறவே விடாத உயரமான ரப்பர் பூட்ஸ், அல்லது தண்ணீர் வந்தாலும் போனாலும் கவலைப்படாத சப்பாத்து. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் விலையுயர்ந்த சரக்கில்தான் பணம் கரையும்.

இரண்டாவது வகை உங்களுக்கே தெரிந்திருக்கும்: பால்மரம் வெட்டப் போனவர்கள் போட்ட கறுப்பு ரப்பர் சப்பாத்து, ‘அடிடாஸ் கம்போங்’. அந்த ஜெர்மன் நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயர் மட்டும் கேலியாக ஒட்டிக்கொண்டது. அடியில் குமிழ்குமிழாகப் பற்கள், களிமண்ணில் நன்றாகப் பிடிக்கும். விலை 20 ரிங்கிட்டுக்குள். மலையேறுபவர்களும் இதைத் தேடி வாங்குகிறார்கள். நாய் இழுக்கிற பேர்வழி என்றால், வேகமாக அடியெடுத்து வைக்க இதுதான் தோது.

ஆனாலும் உங்களுக்கு நான் பூட்ஸைத்தான் சொல்வேன். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால், காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி உடம்புக்குள் போய்விடும். காய்ச்சலில் தொடங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கிற நோய் அது. கெண்டைக்கால் வரை மூடிய பூட்ஸ் எதற்கும் நல்லது.

பட்டணத்தில் தோட்டச் சாமான் விற்கும் கடைக்கே நேரில் போய் வாங்குங்கள். முதலில் பூட்ஸைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். மீன் சந்தையில் போடும் வெள்ளை, மஞ்சள் பூட்ஸ்களில் பல, ஈரமான சிமெண்டுத் தரைக்கு ஆனவை. அவற்றின் அடிவரிகள் ஆழமில்லாமல் நெருக்கமாக இருக்கும். நாலு எட்டு வைப்பதற்குள் சேறு அடைத்து வழவழவென்று ஆகிவிடும். உங்களுக்கு வேண்டியது ஆழமான, இடைவெளிவிட்ட பற்கள். அடி தடிப்பாகவும் இருக்கட்டும், ஏனென்றால் வெட்டிப்போட்ட மட்டையின் அடிப்பக்கத்து முள் மெல்லிய ரப்பரை ஊடுருவிவிடும். குலை வெட்டுகிறவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

அளவு பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் வரும். சாயங்காலம், கால் சற்று வீங்கிய நேரத்தில், நீளமான சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். குதிகால் தூக்கித்தூக்கி அடித்தால் பெரிது. சேற்றில் கால் மட்டும் வரும், பூட்ஸ் அங்கேயே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் உள்ளே நாளிதழைத் திணித்து, கணுக்கால் அளவுத் தண்ணீர் உள்ள வாளியில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். தாள் ஈரமானால் ரசீதோடு அன்றைக்கே திருப்பிவிடலாம். காயவைப்பது நிழலில், கவிழ்த்து. மறுநாள் போடுமுன் தட்டிப் பாருங்கள். பூரானுக்கும் தேரைக்கும் அது நல்ல வீடு.

கேள்வி: கழிவு விலையில் ‘100 விழுக்காடு நீர்புகாதது’ என்று மலையேறும் சப்பாத்து வாங்கினேன். பெட்டி பிரிக்காத சரக்கு. இரண்டாம் முறை போட்டபோதே அடி முழுசாகப் பிய்ந்துவிட்டது. கடைக்காரர் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ அட்டையைக் காட்டுகிறார். - வாசகர், சிகாமட்

பதில்: பெட்டி பிரிக்காததுதான் வினை. இவற்றின் நடு அடி பல சமயம் பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக். நம் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால், போடாமலேயே உள்ளுக்குள் சிதையும். அடுத்த முறை கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், உதிர்ந்தால் வாங்காதீர்கள்.

அட்டைக்கு மயங்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் ஏற்கத்தக்க தரத்தில், சொன்ன விவரத்துக்குப் பொருந்தி இருக்க வேண்டும். அட்டை தொங்கவிட்டு அந்த உத்தரவாதத்தைக் கழற்றிவிட முடியாது. படம் எடுத்து, கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இணையத்தில் வாங்குபவர்கள், போட்டுப் பார்க்கும்வரை ‘பொருள் கிடைத்தது’ பொத்தானை அழுத்தாதீர்கள்.

கேள்வி: நாய்க்கும் மழைச் சப்பாத்து விற்கிறார்களே, வாங்கலாமா? - வாசகி, குளுவாங்

பதில்: வேண்டாம். பனிக்கட்டியும் சாலையில் தூவும் உப்பும் உள்ள ஊர்களுக்கு அது. இங்கே வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்தால் போதும். அந்தக் காசுக்குக் கால்நடை மருத்துவரிடம் லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசி போடுங்கள்; நாய்க்கும் அந்த நோய் வரும், அதனிடமிருந்து உங்களுக்கும் வரலாம்.