ஈட்டி உடைவதற்குத்தான்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பிரதமர் கேள்வி நேரத்தை யூடியூபில் விடாமல் பார்க்கிறேன். பத்திரிகைகள் அதை ‘ஜவுஸ்டிங்’ என்று எழுதுகின்றன, அதாவது கவசம் பூண்டு குதிரையில் பாய்ந்து வந்து ஈட்டியால் மோதும் அந்தக் காலப் போட்டி. கத்தலும் கேலியுமாக நடக்கும் கூத்துக்கு வீர விளையாட்டின் பெயரா? அசல் போட்டி இன்னும் எங்காவது நடக்கிறதா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அசலும் கூத்துதான். என்ன, செலவு அதிகம் பிடித்த கூத்து. 15ஆம் நூற்றாண்டிலேயே குதிரைகள் முட்டிக்கொள்ளாமலிருக்க நடுவே நீளமாகத் தடுப்பு கட்டிவிட்டார்கள். நட்புப் போட்டிகளில் ஈட்டிக்குக் கூர்முனை கிடையாது. கிரீடம்போல மூன்று நான்கு மொட்டைப் பற்கள் இருக்கும். அது துளைக்காது, கவசத்தில் பிடித்துக்கொள்ளும். மரத்தண்டு முறிய வேண்டும், அதற்குத்தான் புள்ளி. யார் எத்தனை ஈட்டி முறித்தார் என்று கோடு போட்டுக் கணக்கு வைத்த தாள்கள்கூட இன்றும் இருக்கின்றன.

நீங்கள் பார்ப்பதும் இதேதான். புதன் நண்பகல், அரை மணி நேரம். எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்விகள். என்ன கேட்பார் என்று பிரதமருக்கு முன்கூட்டித் தெரியாது. தடித்த கோப்போடு வருவார். ஆறாவது பதிலைக் கவனியுங்கள். எதிராளியால் இனி எழுந்து பேச முடியாது என்பது தெரிந்ததும் பிரதமரின் குரல் ஏறும், அதுவரை சேர்த்துவைத்த கிண்டல் எல்லாம் அங்கேதான் கொட்டும். எனக்கு இது பிடிக்கும் என்பதை ஒளிப்பானேன்! ஆனால் அமைச்சர்களை உட்காரவைத்துக் குடைந்து கேட்பது நாடாளுமன்றக் குழுக்களில். அதைப் பார்க்க இந்தக் கூட்டம் வராது.

சத்தம் எனக்குப் பிரச்சினையே இல்லை. போதும் என்று சொல்ல ஆளில்லாதபோதுதான் விபரீதம். 1559 ஜூன் 30, பாரிஸ். ஸ்பெயினுடன் சமாதானம், பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றியின் மகளுக்கும் தங்கைக்கும் கல்யாணக் கொண்டாட்டம். மன்னரே களத்தில் இறங்கினார். பொழுது சாயும் நேரத்தில், காவற்படைத் தலைவர் மோன்கோமரியோடு இன்னொரு சுற்று வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மோன்கோமரி தயங்கினார், ஆனால் மன்னரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? ஈட்டி முறிந்தது, சிம்பு முகமூடிக்குள் புகுந்து கண்ணருகே ஏறியது. ஆம்ப்ருவாஸ் பாரே, வெசாலியுஸ் என்று அக்காலத்தின் பெரிய மருத்துவர்கள் வந்தும் பத்து நாளில் மன்னர் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகனுக்கு வயது 15. மூன்றே வருடத்தில் பிரான்சில் மதப்போர் மூண்டது. அதற்கு இந்தச் சிம்பு மட்டும் காரணமல்ல, ஆனால் அரியணையில் வலுவான ஆளில்லாமல் போனதற்குப் பங்கு உண்டு. லண்டனில் சபாநாயகர் பிரதமரையே உட்காரச் சொல்லலாம். அதனால்தான் அந்தக் கூத்தை நான் நிம்மதியாக ரசிக்கிறேன்.

அப்புறம், அசல். அமெரிக்காவின் மேரிலாந்து 1962 முதல் இதை மாநில விளையாட்டாக வைத்திருக்கிறது. அங்கே மோதல் இல்லை, தொங்கும் வளையத்தை ஈட்டியில் கோக்க வேண்டும். குரோஷியாவின் சின்ய் ஊரிலும் அப்படித்தான், ஒட்டோமான் படையை விரட்டிய 1715 வெற்றியின் நினைவாக. நடு வளையத்தில் குத்தினால் 3 புள்ளி. போவதானால் ஆகஸ்டில் போங்கள்.