பானட்டைத் திறந்தால்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பழைய மெக்கானிக்கின் பதில்கள்

கேள்வி: ஐயா, அமீரகத்தின் அல் ஐனில் வேலை பார்க்கிறேன். 2004ஆம் ஆண்டு மெர்சிடீஸ் இ55 ஏஎம்ஜி ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். ஜனவரியில் ஜெபல் ஹஃபீத் மலையில் பறந்தது. ஜூலையில் பாதி மலை ஏறுவதற்குள் சோர்ந்துவிடுகிறது. டிக்கியில் 15 லிட்டர் ஐஸ் தொட்டி வைத்து, சூப்பர்சார்ஜரைச் சுற்றும் புல்லியையும் (பெல்ட் சக்கரம்) சின்னதாக்கினால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தொட்டி வேண்டாம். புல்லி வேண்டவே வேண்டாம்.

உங்கள் 5.4 லிட்டர் வி8 எஞ்சினுக்குள் சூப்பர்சார்ஜர் ஏறக்குறைய 0.8 பார் அழுத்தத்தில் காற்றைத் திணிக்கிறது. அழுத்தினால் காற்று சுடும். சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்துவிட்டு பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வெளியே 45 டிகிரி என்றால், சூப்பர்சார்ஜரை விட்டு வெளிவரும் காற்று 120 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டை இன்டர்கூலரில், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் பெட்டியில், ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு, முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் சிறிய ரேடியேட்டரில் விடுகிறது. அதை விடமுடியாதபோது காற்று சூடாகவே உள்ளே போகிறது. சூட்டில் பெட்ரோல் தன்னாலே வெடித்து எஞ்சின் தட்டுமோ என்று பயந்து, எஞ்சின் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, தள்ளிப்போடுகிறது. நீங்கள் சோர்வு என்று சொல்வது அதைத்தான்.

இனி அந்தத் தண்ணீரை ஐஸால் குளிர்விக்கும் தொட்டிக்கு வருகிறேன். முழு வேகத்தில் உங்கள் இன்டர்கூலர் சுமார் 24 கிலோவாட் வெப்பத்தை இழுக்க வேண்டும் என்பது என் கணக்கு. அந்த வேகத்தில் பத்து கிலோ ஐஸ் இரண்டேகால் நிமிடத்தில் கரைந்துபோகும். 402 மீட்டர் பந்தயம் பதிமூன்று விநாடியில் முடிந்துவிடும். அங்கே ஐஸ் தொட்டி ராஜா. உங்கள் மலைப்பாதையோ சுமார் 12 கிலோமீட்டர். ஐஸ் தீர்ந்த பிறகு மீதி மலைக்கு வெந்நீரைச் சுமந்துகொண்டு ஏறுவீர்கள். அந்த வெந்நீர் ஆறவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. எஞ்சின் கம்ப்யூட்டரின் அளவீடுகளைக் காட்டும் ஓபிடி கருவியைச் செருகி, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். ஒரு முறை நன்றாக மிதித்துவிட்டு, சீரான வேகத்தில் ஓட்டுங்கள். எவ்வளவு ஏறியது என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதே முக்கியம். அந்த வெப்பநிலை நிமிடக் கணக்கில் இறங்காமல் நின்றால், ரேடியேட்டர் அளவைப் பற்றி இப்போதே யோசிக்காதீர்கள். தண்ணீர் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் பட்டறையில் இருந்தபோது இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. பெரிய ரேடியேட்டர், புது பம்ப், பளபளக்கும் ஹோஸ்கள், எல்லாம் வேறு ஓர் இடத்தில் போட்டவை. ஓட்டிவிட்டு வந்து முன் ரேடியேட்டரில் கை வைத்தேன். வெயில் சூடுதான் இருந்தது, வேறு சூடே இல்லை. பம்பின் இரண்டு வயரும் இடம் மாறி, மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வயரை மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. உரிமையாளர் என்னை நம்பாமல் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தார்.

ஆகவே முதலில் பம்ப். இருபது வயது பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டாலும் தண்ணீரைத் தள்ளுகிறது என்று அர்த்தமில்லை. கூடுதல் திறனுள்ள பம்பாக மாற்றுங்கள், வயரிங்கும் ஃபியூஸும் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு. தண்ணீர் ஊற்றிய பின் உள்ளே சிக்கிய காற்றைப் பொறுமையாக வெளியேற்றுங்கள். ஒரு காற்றுக் குமிழி போதும், புது பம்பையும் மண்டியிட வைக்க. அடுத்து, ரேடியேட்டருக்கும் ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டன்ஸருக்கும் நடுவே அடைந்த மணலைக் கழுவுங்கள். பாலைவனத்தில் ஓடிய வண்டிகளில் அந்த இடுக்கில் சலித்தெடுத்த மணல் இருக்கும். உறைபனி இல்லாத ஊர் என்பதால், கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலக்கவேண்டிய அவசியமில்லை. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் துருத்தடுப்பு மருந்து இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மலை வென்றால், பெரிய ரேடியேட்டர் போடுங்கள். அதைக் கண்டன்ஸரின் முகத்தை முழுவதும் மறைக்கிறபடி மாட்டிவிட்டால், ஜூலை மாதத்தில் ஏசி குளிரவில்லை என்று வீட்டில் வரும் புகாருக்கு நான் பொறுப்பில்லை.

புல்லியைச் சின்னதாக்கினால் சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் சுடும். அது சுடுகிற அடுப்பில் இன்னொரு விறகு வைப்பது. 45 டிகிரி வெயிலில் காற்று சீக்கிரம் ஆறுகிறது என்று ஓபிடி காட்டிய பிறகு எழுதுங்கள், பேசுவோம்.

கேள்வி: என்னுடையது டர்போ டீசல் கார். இதிலும் இன்டர்கூலர் தண்ணீரை மாற்ற வேண்டுமா? (கோவை வாசகர்)

பதில்: சாதாரண டர்போ டீசல் கார்களில் பெரும்பாலும் இன்டர்கூலருக்குத் தண்ணீரே கிடையாது, முன்னாலிருந்து அடிக்கும் காற்றுதான் குளிர்விக்கிறது. அதன் இரண்டு பக்க ஹோஸ் கிளிப்புகளில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் கிளிப்பை இறுக்குங்கள். ஹோஸ் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.