பதில் எழுதும் முன் கேள்விகளை எண்ணச் சொல்லுங்கள்

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வாசிகசாலையில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். சாதாரண தரப் பரீட்சை (ஓ/எல்) முடித்த 14 பிள்ளைகள். நுவரெலியா, எல்ல ஆகிய ஊர்களின் பக்கம் விடுதி வேலைக்குப் போகும் எண்ணத்தில் இருப்பவர்கள். இலக்கணம் ஓரளவு வரும். ஆனால் விவரம் கேட்டு மின்னஞ்சல் எழுதச் சொன்னாலும், வந்த ஒன்றுக்குப் பதில் எழுதச் சொன்னாலும் மாதிரிக் கடிதத்தை அப்படியே ஒப்பிக்கிறார்கள். கணினி கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பதில் எழுதுவதிலிருந்து தொடங்குங்கள் ரீச்சர். விவரம் கேட்டு எழுதுவதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பது வழக்கம். நான் அதைத் திருப்பிப் போட்டுத்தான் பல வருடங்களாகச் செய்கிறேன். அரைகுறையாக எழுதப்பட்ட ஒரு விசாரணைக்குப் பதில் எழுதித் திண்டாடிய பிள்ளைக்கு, கேட்கும்போது எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பது தானாகவே புரியும்.

ஒரு உதாரணம். வெளிநாட்டுத் தம்பதி ஒன்று நுவரெலியாவில் உள்ள சிறு விடுதிக்கு எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். "05/06 அன்று ரயிலில் வருகிறோம். இரண்டு இரவுக்கு இருவர் தங்கும் அறை கிடைக்குமா? காலைச் சாப்பாடும் சேர்த்த விலையா? ஸ்டேஷனிலிருந்து எப்படி வருவது? எங்களில் ஒருவர் வெஜிடேரியன்." இதை ஆங்கிலத்தில் பலகையில் எழுதிப் பதில் கேளுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "டியர் சேர், தேங்க் யூ ஃபோர் யுவர் ஈமெயில். வீ ஹேவ் ரூம்ஸ். யூ ஆர் வெல்கம்." இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தம்பதிக்குக் கிடைத்தது ஒரே ஒரு பதில். மிச்சத்துக்கு அவர்கள் மறுபடி எழுத வேண்டும், அல்லது வேறு விடுதிக்கு எழுதிவிடுவார்கள்.

அதனால் பேனாவை எடுக்கவே விடாதீர்கள். முதலில் பென்சிலால் கேள்விகளுக்கு இலக்கம் போடச் சொல்லுங்கள். மூன்று என்பார்கள், ஏனென்றால் கேள்விக்குறி மூன்றுதான் இருக்கிறது. இங்கேதான் பாடம் தொடங்குகிறது. "ஒருவர் வெஜிடேரியன்" என்பதும் கேள்விதான், "என்ன சாப்பிடக் கொடுப்பீர்கள்?" என்று அர்த்தம். நம் வீடுகளில் சைவம் என்றால் முட்டை கிடையாது. ஆங்கிலத்தில் வெஜிடேரியன் என்று சொல்லிக்கொள்பவர்களில் பலர் முட்டை சாப்பிடுவார்கள். அதே சமயம் நம் தேங்காய்ச் சம்பலில் மாசி (காய்ந்த மீன்) கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே முட்டை சாப்பிடுவாரா என்று கேட்க வேண்டும், சம்பலை மாசி இல்லாமல் செய்து தருகிறோம் என்று சொல்லவும் வேண்டும். இந்த இரண்டு வசனத்தை எழுதிவிட்டாலே அந்தப் பிள்ளை மாதிரிக் கடிதத்தைத் தாண்டிவிட்டது.

05/06 என்பதும் அப்படித்தான். அமெரிக்கர் எழுதினால் மே 6, பிரித்தானியர் எழுதினால் ஜூன் 5. ஊகிக்க வேண்டாம். பதிலில் மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையையும் சேர்த்து, சரிதானா என்று கேட்கப் பழக்குங்கள்.

அப்புறம், கேட்காமல் விட்டவை. நுவரெலியா நகரத்துக்குள் ரயில் வருவதில்லை, நானுஓயாவில் இறங்கிச் சுமார் 8 கிலோமீட்டர் வர வேண்டும். இது நமக்குத் தண்ணீர் பட்ட பாடு, புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. இலங்கை என்றாலே வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டையோடு வந்து இறங்குவார். 1,868 மீற்றர் உயரத்தில் இரவு எப்படிக் குளிரும் என்பதையும், சுடுதண்ணீர் இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சொன்னால் போதும். உங்கள் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். இந்த ஊரைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்தையும் விட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். அந்த நினைப்பே அவர்களுடைய கூச்சத்தில் பாதியைப் போக்கிவிடும்.

இனி, கேட்டு எழுதுவது. நான் சின்ன வயதில் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "இங்கு யாவரும் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல்" என்று தொடங்காவிட்டால் மறுபடி எழுதச் சொல்வார்கள். அது அழகான வழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் ஒரு ஹோட்டல் மேனேஜருக்கு "ஹவ் ஆர் யூ? ஐ ஆம் ஃபைன்" என்று தொடங்குகிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் விவரம் கேட்கும்போது முதல் வசனத்திலேயே எதற்காக எழுதுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்குவார்கள். நேரத்தை வீணாக்காமல் இருப்பதும் மரியாதைதான் என்று விளக்குங்கள்.

மரியாதை எங்கே போகிறது என்பதையும் காட்ட வேண்டும். தமிழில் "விவரம் அனுப்பவும்" என்றால் பணிவு. அதையே "ப்ளீஸ் சென்ட் த டீடெயில்ஸ்" என்று எழுதினால், தெரியாதவருக்கு அது கொஞ்சம் கட்டளை போலவே படும். "நீ", "நீங்கள்" இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே "யூ". அந்த "ங்கள்" செய்யும் வேலையை அங்கே பெரும்பாலும் "குட் யூ" (could you), "வுட் யூ" (would you) செய்கின்றன. இப்படிச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இதோடு வரும் ஒரு பிழைக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள். "ஸ்டேஷன் எங்கே இருக்கிறது?" என்ற கேள்வியைத் தமிழில் பணிவாக்க "என்று சொல்ல முடியுமா" என்று பின்னால் ஒட்டினால் சரி, உள்ளே எதுவும் மாறாது. அதே போலப் பிள்ளைகள் "வேர் இஸ் த ஸ்டேஷன்" என்பதற்கு முன்னால் "குட் யூ டெல் மீ" என்று ஒட்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் உள்ளே இடம் மாறும்: "குட் யூ டெல் மீ வேர் த ஸ்டேஷன் இஸ்." ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியானால் "டூ" போய் "இஃப்" வரும்: "குட் யூ டெல் மீ இஃப் யூ ஹேவ் எ ரூம்." தமிழில் "இருக்கிறதா என்று" என்பதில் உள்ள அந்த "ஆ"தான் "இஃப்". இதை விதியாகச் சொல்லாமல், பத்துக் கேள்விகளை வாயால் மாற்றிச் சொல்ல வையுங்கள்.

கணினி இல்லாதது பெரிய குறை இல்லை. கொப்பித் தாளைப் பாதியாகக் கிழித்து, மேலே யாருக்கு, என்ன விஷயம் என்ற இரண்டு வரி போட்டால் அதுவே மின்னஞ்சல். ஏழு பேர் கேட்கட்டும், ஏழு பேர் பதில் எழுதட்டும், தாள்கள் கை மாறட்டும். பதிலைத் திருத்துவது நீங்கள் வேண்டாம், கேட்ட பிள்ளையே பார்க்கட்டும். மறுபடி ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் தாள் திரும்பிப் போகும். இலக்கணப் பிழைகளை அதற்குப் பிறகு பாருங்கள், அதுவும் அர்த்தத்தைக் கெடுப்பவற்றை மட்டும்.

மூன்று, நான்கு வாரம் கழித்துப் போனுக்கு வரலாம். முகவரியைக் கடைசியில்தான் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், பாதி எழுதும்போது விரல் பட்டால் போய்விடும். போன் தானாகத் திருத்தும் வசதி நம் ஊர்ப் பெயர்களைக் கண்டபடி மாற்றும், அனுப்பும் முன் பெயர்களை மட்டும் ஒருமுறை வாசிக்கட்டும்.

பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ உங்களைப் போல வகுப்பு நடத்தும் ஒருவரைத் தெரியுமானால், இரண்டு வகுப்பும் ஒன்றுக்கொன்று எழுதட்டும். பக்கத்து பெஞ்சில் இருப்பவளிடம் சைகையால் கேட்டுவிடலாம், அங்கே இருப்பவளிடம் எழுதித்தான் கேட்க வேண்டும்.