தோல் நோய்க்கு டாக்டர் செயலியைப் பார்க்கலாமா? குடும்ப மருத்துவர் பதில்கள்

*டாக்டர் என் மகனின் தோலைப் பார்த்ததும் கைப்பேசியைத் தட்டினார். அவருக்கே தெரியவில்லையா? (செந்தூல்)*

அப்படி நினைக்காதீர்கள் அம்மா. தோல் நோய்கள் ஆயிரத்துக்கும் மேல். விஷுவல்டிஎக்ஸ் போன்ற செயலியில் புண் எங்கே, எப்படி இருக்கிறது, காய்ச்சல் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கொடுத்தால், பொருந்தக்கூடிய நோய்களைப் படங்களோடு காட்டும். முடிவெடுப்பது டாக்டர்தான். சரிபார்த்துக்கொள்ளும் டாக்டரிடம் நான் தைரியமாகப் பிள்ளையைக் காட்டுவேன்.

*நம்ம நிறத்துக்கு அது சரியாகச் சொல்லுமா? (பிரிக்பீல்ட்ஸ்)*

எனக்கும் இதுதான் பெரிய கவலை. மருத்துவப் பாடநூல்களின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். எக்ஸிமா என்னும் தோல் அழற்சி சிவந்திருக்கும் என்று படித்து வருகிறோம். நம் தோலில் அது பழுப்பாக, சாம்பல் பூத்தாற்போல, சில சமயம் ஊதா கலந்து தெரியும். வெள்ளைத் தோல் படங்களையே பார்த்துப் பழகிய செயலியும் இதில் தடுமாறும். 2020இல் லண்டனில் ஒரு மருத்துவ மாணவர் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து, கறுத்த தோலில் அறிகுறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடே கொண்டுவந்தார். அந்த அளவுக்கு இடைவெளி இருந்தது. எந்தச் செயலியாக இருந்தாலும், மாநிறம், கறுப்பு நிறத் தோல்களின் படங்கள் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

*மச்சத்தைப் படம் எடுத்தால் புற்றுநோயா என்று சொல்லும் செயலி? (கெப்போங்)*

அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இத்தகைய செயலிகளை ஆராய்ந்து பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் 2020இல் வந்த கட்டுரை, நம்பத் தகுந்தவை அல்ல என்றே சொன்னது. நம்மவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம். அங்கே புதிதாகக் கறுப்பு தெரிந்தால் நேரில் வாருங்கள்.

*புலனத்தில் (வாட்ஸ்அப்) படம் அனுப்பினால் போதாதா, டாக்டர்? (பத்துமலை)*

சிலவற்றுக்குப் போதும். ஆனால் இரவில் அரிப்பு கூடுகிறதா, வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று கேட்டால்தான் சொறி (ஸ்கேபிஸ்) பிடிபடும். அப்புறம் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். வெளிறிய தேமலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பஞ்சால் தொட்டுப் பார்க்க வேண்டும். உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோயாக இருக்கலாம்; அது மலேசியாவில் இன்னும் இருக்கிறது.

*படர்தாமரைக்கு உறவினர் கொடுத்த க்ரீம் பூசினேன். குறைந்து மறுபடி பரவுகிறது. (செராஸ்)*

அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். அரிப்பை அடக்கும், படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையை வளரவிடும். வட்டமும் விளிம்பும் கலைந்துபோவதால் செயலியும் ஏமாறும், டாக்டரும் ஏமாறுவார். பூசுவதை நிறுத்திவிட்டு, அந்த டியூபைக் கையோடு கிளினிக்குக் கொண்டுபோங்கள்.